பச்சைக் கோட்டு

செத்த வாஷரைக் கைக்குட்டையில் முடிந்து எடுத்துப்போனேன்.
பொத்தானளவு கறுப்பு ரப்பர், ஓரமெல்லாம் அரித்துப்போனது.
மூன்று இரவாகச் சமையலறைக் குழாய்
தூங்கவிடாமல் கணக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

பிட்கோஷ்சில் பிப்ரவரி.
ஆற்றோரப் பனி சேறாகிக் கிடக்க,
ஊர் முடிகிற இடத்தில் அந்தப் பெரிய கடை
விமான நிலையம்போல் ஒளிர்ந்தது.
ஆணி உண்டு, ஆலிவ் கன்று உண்டு,
நாய் படுக்க மெத்தை உண்டு.

ராதெக் என்று அவன் நெஞ்சில் எழுதியிருந்தது.
அதற்குக் கீழே: ‘கேளுங்கள், எனக்குத் தெரியும்.’
கேட்டேன்.
வாஷரை விரல்நுனியில் ஏந்தி
விளக்குக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை இடுக்கி,
வைரம் பார்ப்பவனைப்போல் பார்த்தான்.
எனக்கு நம்பிக்கை பிறந்தது.

“இதோட பார்கோடு இருக்கா?”

முப்பது வருஷம் தண்ணீருக்குள் கிடந்த ரப்பரிடம்
பிறப்புச் சான்றிதழ் கேட்கிறான்.
“இல்லை.”
“அப்ப பெட்டி?”
பெட்டியும் இல்லை என்றதும்
குற்றம் என்மேல்தான் என்று முடிவாயிற்று.
பதினெட்டாம் வரிசைக்குப் போகச் சொன்னான்.

பதினெட்டில் இவோனா.
பெயின்ட் பிரிவுக்காரி. ஆள் குறைவாம்,
இன்றைக்குக் குழாய்களும் அவள் தலையில்.
இது அரை அங்குலமா, முக்காலா என்றேன்.
அட்டையைத் திருப்பி எனக்கே வாசித்துக் காட்டினாள்:
‘உயர்தர ரப்பர். நீண்டகாலம் உழைக்கும்.
குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்.’
நான் முன்பே வாசித்ததுதான்.
அவள் குரலில் கேட்டபோது
தெரிந்த கொஞ்சமும் குழம்பிற்று.
“சமையலறைக் குழாயா? அப்ப இருபத்தேழு.”

இருபத்தேழில் சுழல்நாற்காலி மட்டும் இருந்தது.
யாரோ இப்போதுதான் எழுந்துபோனதுபோல்
மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது.

அங்கே நின்று மனதுக்குள் புகார்க் கடிதம் எழுதினேன்.
‘மதிப்பிற்குரிய மேலாளருக்கு’ வரை நன்றாக வந்தது.
இரண்டாம் வரி எழுதுமுன் தோளருகே ஒரு குரல்:
“மன்னிக்கணும்…”

நனைந்த பூட்ஸ். கைக்கொன்றாய் இரண்டு பசைக்குழல்கள்.
“குளியலறை டைலுக்கு இதில் எது நிற்கும்?”

குனிந்து என்னைப் பார்த்தேன்.
என் கோட்டு பச்சை.
கடையின் பச்சை.

‘நான் இங்கே வேலை செய்யவில்லை’
பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது.
ஆனால் அவர் முகம்,
ஒரு மணிநேரமாய் நான் சுமந்து திரிந்த அதே முகம்.
இடதுகைக் குழலை வாங்கினேன். திருப்பினேன்.
“எல்லாப் பரப்புகளுக்கும் ஏற்றது” என்று வாசித்தேன்.
நிறுத்தி, தெளிவாக,
அடுத்த நிறுத்தம் அறிவிக்கிற குரலில்.

“நன்றி மேடம். இந்தக் கடையில
விஷயம் தெரிஞ்ச ஆள் நீங்க ஒருத்தர்தான்.”

போய்விட்டார்.
எந்தச் சுவரிலிருந்து எந்த டைல்
எந்த நள்ளிரவில் விழப்போகிறதோ.

நான் டிராம் ஓட்டுகிறவள்.
இது ஆஸ்பத்திரி வழியாகப் போகுமா என்று
குளிரில் மூக்கு சிவக்க யாராவது கேட்டால்
தலைக்குமேல் இருக்கிற பலகையைக் காட்டுவேன்:
‘ஓட்டுநருடன் பேசாதீர்.’
போகும். நான்கு நிறுத்தம்தான்.
பதினோரு வருஷத்தில் எத்தனை பேருக்குச் சொன்னேன்?

மூன்று அளவில் மூன்று வாஷர் வாங்கினேன்.
ஒன்றும் சேராது என்று கைக்கே தெரிந்தது.

வெளியே வண்டி நிறுத்துமிடத்தில்
ராதெக் தோளைக் குறுக்கிக்கொண்டு
ஆறிப்போன ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தான்.
என்னைக் கண்டதும் அவசரமாய் விழுங்கிவிட்டு,
“கிடைச்சுதா?”

கிடைத்தது என்றேன்.
“பதினெட்டிலேயா?”
ஆமாம்.

அவன் முகத்தில், ஒன்றைக் கற்றுக்கொண்ட வெளிச்சம்.
நாளைக்கு யார் வந்து என்ன கேட்டாலும்
தயங்காமல் சொல்வான்,
பதினெட்டு.